படத்துக்கு அகப்படாத இறக்கம்

ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரின் பெரிய சந்தையில் துகியெம் மூட்டை சுமப்பவள். முதுகில் மூட்டை, அதைத் தாங்கும் கோடு போட்ட துணியின் முடிச்சு மார்பில். மிளகாயும் வெங்காயமும் அவள் முதுகில்தான் மாடிப்படி ஏறும். சாயங்காலமானால் அடிவயிற்றில் ஏதோ கழன்று தொடைகளுக்கு நடுவே இறங்கும். மூத்திரமும் சொட்டும். இடுப்புக் கச்சையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பாள்.

புருஷன் சர்ஜோனோ, சவாரியை முன்னால் உட்காரவைத்துப் பின்னாலிருந்து மிதிக்கும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். மனைவி தனியே பாய் போட்டுப் படுக்கிறாள், வீடு திரும்ப நேரமாகிறது. "கர்ப்பப்பை இறங்கிருச்சு" என்று அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. சவாரியை விட்டுவிட்டுச் சந்தை வாசலில் நின்று, மிளகாய் லாரிக்காரன் ஒவ்வொருவன் முகத்தையும் உற்றுப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில படம் எடுத்துக் காட்டு. அப்ப நம்புறேன்" என்றான்.

படம் எடுப்பதற்கு முந்தின நாள் துகியெம், விருந்தாளி வருமுன் வாசலைப் பெருக்குவதுபோல ஒரு காரியம் செய்தாள். உடம்பு நீவிவிடும் மர்சியெமிடம் போனாள். மர்சியெம் எண்ணெய் தடவி, அடிவயிற்றை மேலே தள்ளி, எல்லாவற்றையும் ஏற்றிவைத்துக் கச்சையை இறுக்கி அனுப்பினாள். டாக்டர் முன்னால் அலங்கோலமாகக் கிடக்க முடியுமா?

மறுநாள் காலை டாக்டர் ரத்ரி அவளைப் படுக்கவைத்து, கருவியைக் கால்களுக்கு நடுவே பிடித்து, "முக்குங்க இபு" என்று அம்மா முறை வைத்துச் சொன்னாள். முக்கினால் சொட்டுமே. துகியெம் உள்ளே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தால் மட்டும் முக்கினாள். திரையில் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் சாதுவாக அதனதன் இடத்தில் இருந்தன.

"மெஷினுக்கே உன் பொய் தெரிஞ்சுபோச்சு. அந்த லாரிக்காரன் பேரையாவது சொல்லு" என்றான் சர்ஜோனோ, அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும்.

இப்போது துகியெமுக்கும் எல்லார் மேலும் சந்தேகம். கருவி பழுதா? டாக்டர் சின்னப் பெண், படம் பார்க்கத் தெரியாதா? இல்லை, இவனே போய் ஏதாவது சொல்லி வைத்தானா? சண்டைக்கென்றே திரும்பப் போனாள்.

"உங்க மெஷின் பொய் சொல்லுது."

டாக்டர் கோபப்படவில்லை. "அன்னிக்கு உங்க மேல கிராம்பு எண்ணெய் வாசம் அடிச்சுது. யார்கிட்ட நீவிக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல." மர்சியெமைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

"யாரையும் திட்டப் போறதில்ல இபு. ஏத்திவிட்டதைப் படம் எடுத்தா ஏத்தின மாதிரிதானே தெரியும்?"

துகியெம் கச்சையின் முடிச்சை மெல்லத் தளர்த்தினாள்.

"வியாழக்கிழமை மூட்டை தூக்கி முடிச்சதும் நேரா வாங்க. நீவவும் வேண்டாம், கச்சையும் வேண்டாம். நிக்க வெச்சே எடுப்போம்."

"சொட்டிட்டா?"

"தொடைக்க எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை சர்ஜோனோவும் கூடவே வந்தான். "அந்தப் பொண்ணு காதுல நீ என்ன ஓதுறேன்னு பாக்கறேன்."

"அவர் உள்ள இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்டாள்.

"இருக்கட்டும். அவர்தான் பாக்கணும்."

நின்றபடியே துகியெம் இந்தத் தடவை மெய்யாகவே முக்கினாள். சொட்டியது. திரையில் மூத்திரப்பை சரிந்தது, பின்னாலேயே கர்ப்பப்பையும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. டாக்டர் எலும்பை ஒட்டி ஒரு கோடு போட்டாள். "ரெண்டும் இந்தக் கோட்டுக்கு மேல இருக்கணும்."

சர்ஜோனோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது இவ படந்தானா?"

"இபு, முக்கறதை விடுங்க. இப்ப மறுபடி முக்குங்க."

ஏறியது. இறங்கியது.

"போதும்" என்றான் அவன்.

வெளியே வந்து ரிக்‌ஷாவில் அவளை ஏறச் சொன்னான். பின்னாலிருந்து மெதுவாக மிதித்தான். சந்தை தாண்டியதும் கேட்டான்: "இவ்வளவு இருக்குன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். மெஷின் சொன்னப்புறந்தான் உங்களுக்குக் காது கேட்டுச்சு."

முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.