மருந்து குடித்தவர் பதினான்கு பேர்

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரியநாயகிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டன் கொன்வென்டில் பத்தாம் வகுப்புவரை படித்தவள், இங்கிலீசு நன்றாக எழுதுவாள். இவ்வளவு படித்துவிட்டுத் தொட்டில் ஆட்டுகிறாளே என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களின் பிள்ளைகளும் அந்தத் தொட்டிலில்தான் தூங்கினார்கள்.

அந்த இங்கிலீசுக்காகத்தான் 1977இல் டாக்டர் கணேசமூர்த்தி அவளைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு மருத்துவப் பீடத்தில் மனநோய் பற்றி ஆராய்ச்சி செய்பவர். தோட்டத்துப் பெண்கள் இருநூறு பேரிடம் கேள்வி கேட்டுப் பதில்களை இங்கிலீசில் எழுதித் தரச் சொன்னார். மரியநாயகி லயத்து வீடுகளில் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினாள். பதினான்கு பெண்கள் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அந்தப் பதினான்கு தாள்களில் மட்டும் அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே ‘மருந்து குடித்தவர்’ என்று எழுதினாள். பக்கத்துக் காம்பரா ராசம்மாவின் தாளும் அதில் ஒன்று.

புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான், பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான். தோட்டத்தில் ஒருத்தி மருந்து குடித்துவிட்டாள் என்றால் சாகத் துணிந்தாள் என்று அர்த்தம். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் வாங்குவதை ‘மருந்து எடுத்தேன்’ என்பார்கள். நஞ்சு என்ற சொல்லை உயிரோடு இருக்கிறவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

1980 ஜனவரியில், பக்கத்து ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு வியாழக்கிழமை நடந்துவந்த மனநோய் கிளினிக்கை நிறுத்திவிட்டார்கள். ஒட்டியிருந்த அறிவித்தலை மரியநாயகி வாசித்தாள். தோட்டப் பெண்கள் ஒழுங்காகச் சிகிச்சை பெறுகிறார்கள், தற்கொலைக்கு முயன்றவர் எவருமில்லை என ஆராய்ச்சி காட்டுவதால் தனிக் கிளினிக் தேவையில்லையாம். எந்த ஆராய்ச்சி என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்துவந்த ராசம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒன்பது நாள் மாத்திரை.

அடுத்த வாரம் டாக்டரே வந்தார். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அச்சடித்த கட்டுரையைப் பெருமையோடு நீட்டினார்.

“உம்மட உழைப்பும் இதில இருக்கு. இதுவரைக்கும் இருபத்தாறு கட்டுரைகளில இதை எடுத்தாண்டிருக்கினம்.”

மரியநாயகி அட்டவணையைப் பார்த்தாள். சிகிச்சை பெறுவோர்: பதினான்கு. தற்கொலைக்கு முயன்றோர்: பூச்சியம்.

“ஐயா, நான் எழுதுனது மருந்து எடுத்தவங்க இல்லீங்க, குடிச்சவங்க. இந்தப் பதினாலு பேரும் சாகப் போனவங்கய்யா.”

அவருடைய ஊரில் மருந்து குடிப்பது என்றால் வைத்தியம்தான்; டாக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. குழந்தைகள் உட்காரும் வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கிளினிக்க நிறுத்திப்புட்டாங்கய்யா. ராசம்மாவுக்கு மாத்திரை முடியப்போகுது. திருத்தி எழுதுங்க.”

“எழுதுவன். ஆனா ஏப்ரல் வரைக்கும் பொறும். பேராசிரியர் பதவிக்கு ஆள் எடுக்கினம். நான் அந்தப் பதவியைக் கேக்கிறதே இந்தக் கட்டுரையை வைச்சுத்தான். ராசம்மாவுக்கு மாதாமாதம் நானே மாத்திரை அனுப்புறன்.”

“மத்தப் பதிமூணு பேருக்குங்க?”

அவர் கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சொன்னபடி பார்சல் வந்தது. கெட்ட மனுசரில்லை அவர், பயந்த மனுசர். பயந்த மனுசரோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம். கட்டுரை பிழையென்று அதை அச்சிட்டவர்களுக்குத் தானே கடிதம் எழுதினால் ராசம்மாவின் மாத்திரை நின்றுவிடும், எழுதாவிட்டால் பதின்மூன்று பேர் அப்படியே கிடப்பார்கள். மரியநாயகி மூன்று வாரம் தவித்தாள். கடைசியில் ராசம்மாவிடமே எல்லாவற்றையும் சொன்னாள்.

ராசம்மா மாத்திரைப் பொட்டலத்தை முடிந்து வைத்தாள். “மேல் லயத்து அழகம்மாவும் அந்தப் பதினாலுல ஒருத்திதானே? நேத்திலருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகல. கதவையும் தொறக்க மாட்டேங்கிறா. நீ எழுது புள்ள.”

கட்டுரை வந்த வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு மரியநாயகி பதினொரு வரி இங்கிலீசில் எழுதினாள். குடிப்பதற்கும் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, பெயரும் தோட்டமும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொட்டகலை தபால் கந்தோரில் போட்டாள். அன்று சாயந்தரமே அழகம்மாவின் கதவைத் தட்டித் தட்டித் திறக்கவைத்து, மறுநாளிலிருந்து அவளையும் ராசம்மாவையும் பிள்ளைக்காம்பராவிலேயே கூட வைத்துக்கொண்டாள்; அழகம்மாவின் நிலையை டாக்டருக்கும் எழுதினாள்.

சஞ்சிகைக்காரர்கள் அந்தக் கடிதத்தை முதலில் டாக்டருக்குத்தான் அனுப்பினார்கள். அந்த மாதம் வழக்கமான நாளில் பார்சல் வரவில்லை. ராசம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தபால்காரனைக் கண்டாலே மரியநாயகி வாசலுக்கு ஓடினாள். தான் செய்தது பெரிய பாவமோ என்று மாதாவிடம் அழுதாள். பதினொரு நாள் பிந்திப் பார்சல் வந்தது. இரண்டு பேருக்குப் போதுமான மாத்திரை இருந்தது. ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

ஆகஸ்டில் கடிதம் அச்சானது. பேராசிரியர் பதவி வேறு யாருக்கோ போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, கிளினிக் மறுபடியும் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கணேசமூர்த்தி.

“உம்மில எனக்குக் கோபம்தான்” என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். “என்ர பிழையான கட்டுரையை இப்பவும் எடுத்தாண்டுகொண்டுதான் இருக்கினம். நாப்பது தாண்டிட்டுது. உம்மட கடிதத்தை எடுத்தாண்டது ஒரே ஒரு ஆள்.”

“யாருங்கய்யா?”

“நான்தான். கிளினிக்கைத் திறக்கச் சொல்லி அனுப்பின மனுவில.” பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். “பதினாலு பேரும் வந்திருக்கினமோ?”

“வந்திருக்காங்கய்யா.”

“அப்ப ராசம்மாவை முதல்ல கூப்பிடும்.”