ஜூலை மாத முட்டாள்கள்

டவாரஸ் பிராட்நாக்ஸ் அலபாமாவில் பிரிச்சர்டு ஊர்க்காரன். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் ஐந்து ஆண்டுகள் பந்தைச் சுமந்து ஓடினான். பெரிய ஓட்டக்காரன் என்று சொல்லமாட்டேன். இடிக்க வருகிறவனிடமிருந்து ஒதுங்கத் தெரியாது. தலையைக் குனிந்து அவன்மேலேயே மோதி, மூன்று கஜம் கூடுதலாக எடுப்பான். அதற்காகத்தான் அவனை வைத்திருந்தார்கள். முன்னால் ஓடி அவனுக்கு வழி திறந்துவிடுவது என் வேலை.

ஆட்டப் பருவம் தொடங்குமுன், ஜூலையில், கணினியில் ஒரு ஞாபகச் சோதனை உண்டு. பன்னிரண்டு சொற்களைக் காட்டி மறைப்பார்கள். திருப்பிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே சோதனை. ஜூலை மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் இடத்தில் வேறொருவன் ஓடுவான். ஆகவே ஜூலையிலேயே நாங்கள் முட்டாள்களாகிவிடுவோம்.

"எத்தனைடா சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆறு. பன்னெண்டும் தெரியும்."

"ஆறா? உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி. சந்தேகப்படப் போறானுங்க."

சிரித்தோம். அந்த ஆறு அவனை நான்கு முறை மைதானத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஒருமுறை தள்ளாடிக்கொண்டு எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அன்றும் ஆறு சொன்னான்.

முப்பத்தெட்டு வயதில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் நடக்கத் தொடங்கினான். மனைவி லொரெட்டாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பாதிப்பு ஆட்டத்தால் வந்தது என்று, ஆட்டங்களை நடத்தும் லீக்கின் மருத்துவர் எழுதினால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் தருவார்கள், இல்லாவிட்டால் காப்பகம். சாட்சி சொல்ல நானும் போனேன்.

மருத்துவர் அதே சோதனையை மறுபடி வைத்துவிட்டு, பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார். "இருபத்திரண்டு வயசுல ஆறு. இன்னைக்கும் ஆறு. ஒண்ணும் குறையலையே."

"அது வேணும்னே கம்மியா சொன்னது, டாக்டர். நாங்க எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம்," என்றேன்.

அவர் டவாரஸைப் பார்த்தார். லொரெட்டா அவன் கையைப் பிடித்தாள்.

"சொல்லு கண்ணு. நீ நடிச்சதானே?"

அவன் வெகுநேரம் யோசித்தான். நிஜமாகவே தேடினான் என்பது முகத்தில் தெரிந்தது.

"இல்ல டாக்டர். எங்கம்மா என்னை அப்படி வளர்க்கல. தெரிஞ்ச அத்தனையும் சொன்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான். கோபமில்லை, வருத்தம்தான்.

"ஏன் தம்பி, என்னைப் பொய்யன்னு சொல்ற?"

மருத்துவர் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். லொரெட்டா கையை விடவில்லை. செப்டம்பரில் காப்பகத்தில் சேர்த்தோம்.