கிளடிஸ் அன்ரி சொல்லாத புத்திமதி

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் யாராவது பார்படோசுக்கு டிக்கெட் போட்டால், பெட்டி அடுக்குவதற்கு முன்னரே கிளடிஸ் அன்ரிக்குத் தகவல் போய்விடும். யாரும் சொல்லாவிட்டாலும் அவள் எப்படியோ அறிந்துவிடுவாள். மாதா கோயில் பெண்களுடன் இரண்டு தடவை அந்தத் தீவுக்குப் போய்வந்தவள் அவள். மில்லிக்கனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை. வாய் விறைத்தபடி வெளியே வருகிறவர்களுடன் கதைத்துக் கதைத்து, பதில் வராத இடத்திலும் நிறுத்தாமல் கதைக்கப் பழகியிருந்தாள்.

அவளுடைய புத்திமதி குரல்பதிவாகத்தான் வரும். கைபேசியைக் கட்டைவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொல்லுவாள். கடையிலோ பஸ்ஸிலோ எதைக் கேட்பதானாலும் முதலில் காலை வணக்கம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களைப் போல எடுத்த எடுப்பில் விலை கேட்டால் அங்கே முகம் கொடுக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் நல்லது, போத்தலுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். கடற்கரையில் சிவப்பு வளையம் பூசிய மரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கினால் தோல் வெந்துபோகும், அதன் பழத்தைக் கடித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். நீச்சல் உடுப்போடு கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. பாஸ்போர்ட்டை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆமிக்காரரின் உடுப்பு மாதிரித் திட்டுத்திட்டாக நிறம் போட்ட எதையும் கொண்டுபோகக் கூடாது. குழந்தையின் காற்சட்டையாக இருந்தாலும் அங்கே அது சட்டப்படி குற்றம். இந்தக் கடைசிப் புத்திமதிக்கு மட்டும் அவள் குரல் ஒரு படி ஏறும்.

அவள் புத்திமதி செல்லாத ஒரே ஆள் அவளுடைய கணவர் அமிர்தநாதர். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கனடாவுக்கு வந்த பிறகு அவர் இந்த நாட்டைவிட்டு ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. விமான நிலையம் என்றாலே வேண்டாம் என்பார். மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, இலங்கையில், ஊரில் ஒரு ஆமிச் சோதனைச்சாவடியில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை, அவளுக்கும் சொன்னதில்லை. இன்றைக்கும் 401 நெடுஞ்சாலையில் பொலிஸ் கார் பின்னால் வந்தால், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். கிளடிஸ் இதைச் சபையில் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வீட்டுப் பயந்தாங்கொள்ளி என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த மாசியில் அவள் ஒரு கூட்டத்தையே திரட்டினாள். கோயில் குடும்பங்கள் சில. பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருக்கும் ராம்குமாரும் பவ்யாவும். கோயம்புத்தூரிலிருந்து கம்பியூட்டர் வேலைக்கு வந்த இளம் சோடி. கடைசியில், கெஞ்சியும் ஏசியும், அமிர்தநாதரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். அந்த மனுசனையே அசைத்துவிட்டேன் என்று கோயில் வாசலில் பனியில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்.

பாஸ்போர்ட் வைப்பதற்கு அவருக்கு இடுப்பில் கட்டும் பை ஒன்றை மலிவு விற்பனையில் வாங்கி வந்தாள். சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. அமிர்தநாதர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"உது ஆமிக்காரன்ர துணி மாதிரிக் கிடக்கு."

ஆமிக்காரன் எப்போது சாம்பல் நிறத்தில் போட்டவன், இது இப்போதைய ஸ்டைல் என்று கிளடிஸ் சிரித்தாள். மனுசனுக்கு எங்கே பார்த்தாலும் ஆமிதான் தெரியும் என்றாள். அவளே அவருடைய இடுப்பில் அதைக் கட்டிக் கொளுவியும் விட்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பார்படோசில் இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சுங்க வரிசையில் நின்றபோது நல்ல வெயில் நேரம். கிளடிஸ் வரிசையின் முன்னுக்கும் பின்னுக்கும் திரும்பி, எல்லாரையும் அதிகாரிக்கு வணக்கம் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய முறை வந்தது. சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி அமிர்தநாதருக்கு முதலில் வணக்கம் சொன்னாள். பிறகு அவருடைய இடுப்பைக் காட்டி, மெல்லிய குரலில், இதை இங்கே போட்டுக்கொண்டு திரிய முடியாது ஐயா என்றாள்.

அமிர்தநாதர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அந்தப் பெண் திகைத்துப் போய், கையை இறக்கும்படி சைகை காட்டினாள். அவர் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். ஒரு கையை உயர்த்தியபடியே மறு கையால், போட்டிருந்த சேட்டை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினார். வெள்ளை மயிர் அடர்ந்த வயிறு, பழைய அறுவைத் தழும்பு. பிறகு மெதுவாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றி முதுகையும் காட்டினார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. கோயில் குடும்பங்கள் பார்த்தன. இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

கிளடிசுக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, வெறும் வெட்கம். தன்னுடைய பெட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய், ராம்குமாரின் பின்னால் நின்றாள். பவ்யா திரும்பிப் பார்த்தாள்.

"என்னாச்சு ஆன்ட்டி? அங்கிள் ஏன் அப்படி நிக்கிறாரு?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றாள் கிளடிஸ்.

பவ்யா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கயிற்றுத் தடுப்புக்குக் கீழால் குனிந்து போய் அவருடைய கையைப் பிடித்து இறக்கி, சேட்டையும் இழுத்துவிட்டாள். ஒன்றுமில்லை அங்கிள், அந்தப் பையை மட்டும்தான் கழற்றச் சொல்கிறார்கள் என்றாள். அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையைத் தேடிக்கொண்டுவந்து, அவருடைய பாஸ்போர்ட்டைத் தானே அதில் போட்டுக் கொடுத்தாள். இடுப்புப் பையை கனடாவுக்குத் திரும்பும்வரை பெட்டிக்குள் வைத்திருக்கச் சொன்னாள். அவ்வளவுதான் விஷயம்.

அந்த விடுமுறையில் கிளடிஸ் ஒருவருக்கும் புத்திமதி சொல்லவில்லை. எல்லாரும் அவளோடு நன்றாகத்தான் பழகினார்கள். ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை என்பதே அவளைக் கொன்றது. பவ்யா வழமைபோல ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் அங்கிளின் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவர் ஏசுவார் என்று கிளடிஸ் காத்திருந்தாள். ஏசினால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ காலையில் கடற்கரையில் நடந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடி வணக்கம் சொல்லி, சிவப்பு வளைய மரங்களுக்கு விலகி நடந்தார். இரவில் அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மன்னிப்புக் கேட்பதென்றால் செய்ததை வாயால் சொல்லவேண்டும். ஊரிலே கைக்குழந்தையோடு நின்றபோது பயத்தில்கூட அவரை விட்டு அப்படி விலகியதில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது. அவர் கண்டாரா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. கண்டிருக்கக் கூடாது என்று அவள் மாதாவிடம் மன்றாடினாள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய கிழமை, வெக்ஸ்போர்ட்டில் இருந்து ஒரு குடும்பம் கேட்டு அனுப்பியிருந்தது. மார்ச் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பார்படோஸ் போகிறார்களாம், அன்ரி என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லட்டாம். கிளடிஸ் குசினி மேசையடியில் இருந்தபடி கைபேசியை அமத்தினாள். திட்டுத்திட்டாக நிறம் போட்ட எதையும் கொண்டுபோகாதையுங்கோ, சாம்பல் நிறமென்றாலும் வேண்டாம் என்று முதலில் அதைத்தான் சொன்னாள். குரல் உயரவில்லை.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அமிர்தநாதர் திரும்பினார்.

"இஞ்சேரும், மற்றதையும் சொல்லும்."

எதை என்று அவள் கண்ணால் கேட்டாள்.

"ஒருத்தரை மறிச்சால் மற்றவர் தள்ளி நிக்கவேணும் எண்டு. தெரியாத ஆள் மாதிரி. நீர் அண்டைக்கு நிண்டனீர் எல்லே."

கட்டைவிரல் கைபேசியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தேத்தண்ணீரை ஆற்றியபடி, ஒரு பெரிய விஷயத்தைச் சொல்கிறவராகவே இல்லாமல், சொல்லிக்கொண்டு போனார்.

"ரெண்டு பேரும் பிடிபட்டால் பிள்ளையளுக்கு ஆர்? அந்தக் காலத்தில நான் சொல்லித் தந்ததை நீர் இன்னும் மறக்கேல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிக்கேக்க உம்மைத்தான் பாத்தனான். நீர் அங்கால போனதைக் கண்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீடும் வாசலும் இருக்கிறது. மூத்தவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

கிளடிஸ் விரலை இழுத்து அந்தக் குரல்பதிவை அழித்தாள். இல்லை, நான் அதற்காகப் போகவில்லை என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. அவர் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு, சொல்லுவீர்தானே என்று கேட்டார்.

"ஓம்," என்றாள்.

சீனி போதுமோ என்று கேட்டார். அவள் இன்னும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்கும் ஓம் என்றாள்.