ஒரு நூலுக்குள் கிடந்த கிணறு

பழமலையில் அமர்ந்த பெருமானே, அளவிட இயலாத உன்னை வணங்கி, அளவைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன். இன்று தை மாத வளர்பிறைப் பிரதோஷம்; உன் சந்நிதியில் நின்றும் தணியாத சினத்தை மறைக்காமலே எழுதுகிறேன்.

ஈரப் பிளாஸ்டரின் வாடை வந்தால் எனக்கு அப்பாவின் நினைவு வரும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்த்த அவர், அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை "நூல்" என்பார். அச்சில் ஒரு நூல் பிசகினால் உப்புத்தாளால் தேய்த்தே சரிசெய்துவிடுவார். அந்தப் பழக்கமே அவரைக் கெடுத்தது.

கம்மாபுரத்துக் கொல்லை நிலத்தைப் பாகம் பிரித்த அன்று, பெரியப்பா நில வரைபடத்தை விரித்து, நடுக்கோட்டை எங்கள் பக்கமாகச் சற்றே தள்ளி வரைந்தார்.

"காயிதத்துல ஒரு நூலுதானடா தம்பி! பொம்மைக்கு அச்சு வாக்குறவனுக்கு அதுல என்னா கொறஞ்சிபுடும்?"

மூலையில் இருந்த 1:4000 என்பதைப் படத்தின் வரிசை எண் என்று நினைத்த அப்பா, சிரித்தபடியே கையெழுத்திட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. நடுக்கோட்டை ஒட்டி எங்கள் பக்கம் இருந்த கிணறு, சாலையிலிருந்து தாளில் ஓர் அங்குலம். குடத்தோடு நான் நடந்தாலோ நூற்றறுபது தப்படிக்கு மேல். அந்த எண்ணின் பொருள் அப்போதுதான் உறைத்தது: தாளில் ஒன்று என்றால் தரையில் நாலாயிரம். ஒரு நூல் என்பது நாலாயிரம் நூல். கணக்கிட்டால் நாற்பத்தோரடி எட்டங்குலம்.

"அப்பா, கெணறு அவங்க பக்கம் போயிடுச்சுப்பா!"

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்தது.

"பொட்டப்புள்ளைக்குச் சோத்துக்கு உப்பு அளக்கத் தெரிஞ்சா போதும்," என்று தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார் பெரியப்பா. மறுவாரமே கிணற்றைச் சுற்றி முள்வேலி எழுந்தது. தண்ணீரற்ற எங்கள் பாகத்தில் அப்பா அதன்பின் கால் வைக்கவேயில்லை.

சென்ற வாரம் பெரியப்பாவின் மகன், சுரங்கத்துக்கு எடுக்கவிருக்கும் நிலங்களின் வரைபடத்தோடு என்னைத் தேடி வந்தான்.

"அக்கா, நம்ம கெணறு இதுல எங்க இருக்குதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"நம்ம" என்ற சொல் சுட்டது. மூலையைப் பார்த்தேன்: 1:50000. கிணறு, வேலி, பெரியப்பா பறித்த நாற்பத்தோரடி, எங்களுக்கு மிஞ்சிய தரிசு, எல்லாமே அங்கு ஒரு நூலுக்குள் கிடந்தன.

"ஒரு நூலுதான் தம்பி," என்றேன். "அதுக்கு ஏன் மொகம் வாடுற?"

அவனுக்குப் புரியவில்லை. அவன் அப்பா உயிரோடிருந்தால் புரிந்திருக்கும். கிணறு தூர்ந்துவிட்டது, வேலி மக்கிவிட்டது, இனித் தரையும் இராது. நாள்தோறும் பதிகம் ஓதும் என் நாவு மட்டும் பெரியப்பாவை இன்னும் வாழ்த்த மறுக்கிறது.

இதைப் படிப்போர் அனைவரும் நிலமும் நீரும் குறையாது வாழ்க. கையெழுத்திடுமுன் தாளின் மூலையைக் காணும் கண்ணைப் பழமலையான் உங்களுக்கு அருள்க.