பெயர் மாறிய கணக்குகள்

நான் ரெட்டியார்பாளையத்தில் ஷேர் டெம்போ ஏறுவேன். இன்னொரு ஆசிரியை மூலக்குளத்தில் ஏறுவார். இருவருக்கும் ஒரே பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் வேலை. என்னைவிட மூன்று வயது பெரியவர். கல்லூரிக்குள் ‘மேடம்’, டெம்போவில் ‘அக்கா’.

இரண்டாயிரங்களின் பின்பாதியில் எங்கள் கல்லூரி மாணவர்களின் வீட்டுப்பாடக் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. ஒவ்வொரு கேள்வியையும் ஒரு ஃபைலாக எழுதி நாங்கள் ஏற்ற வேண்டும். கேள்வி ஒன்றுதான், ஆனால் மாணவருக்கு மாணவர் எண்கள் மாறி வரும். அப்படி ஒன்றை எழுதிச் சரிபார்ப்பதற்குள் சில நாள் மாலை முழுக்கப் போய்விடும். தொகையீடு, அதாவது இன்டெக்ரேஷன், கணக்குகள் அத்தனையும் நான் எழுதியவை.

தொல்லை என்னவென்றால், யார் எதை ஏற்றினாலும் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து குவியும். சோதனைக்காகப் போட்டது, பாதியில் விட்டது, ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘இதுதான் கடைசி’. வேண்டியதைத் தேடிப் பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தச் சமயத்தில் என் மகனுக்கு அம்மை போட்டது. லீவு எடுத்து வீட்டில் இருந்தேன். அக்கா போன் செய்தார்.

“உன் பாஸ்வேர்ட மட்டும் சொல்லு. அந்தக் குப்பையெல்லாம் நானே ஒழுங்கு பண்ணிடறேன். நீ புள்ளையப் பாரு.”

சொன்னேன். அதன் பிறகும் மாலையானால் கூப்பிடுவார். “கொப்புளம் வாடிடுச்சா? இளநி குடு” என்பார். கூடப் பிறந்தவளுக்குக்கூட அத்தனை அக்கறை இருக்காது என்று கணவரிடம் சொன்னேன்.

திரும்பிப் போனபோது பட்டியல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பாடத்துக்கு ஒரு ஃபோல்டர். பழையவை எதுவும் கண்ணில் படவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். எந்த ஃபைலையும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் துறைக் கூட்டம். இந்த மென்பொருளுக்கு ஒருவரைப் பொறுப்பாளராகப் போட வேண்டும். துறைத்தலைவர் கேள்விகளைப் பெரிய திரையில் திறந்தார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதியவர் பெயர் இருந்தது. எல்லாவற்றிலும் அக்காவின் பெயர்.

“தொகையீடு முழுக்க உங்களோடதா மேடம்? பிரமாதம்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?”

“சார், அதெல்லாம் நான் எழுதினது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“மேடம் நல்லா ஹெல்ப் பண்ணாங்க சார். டைப் அடிச்சுக் குடுத்தாங்க” என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

வராந்தாவில் மறித்துக் கேட்டேன். “ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“ஒரே பேர்ல இருந்தாத்தான் லிஸ்ட்டு சுத்தமா இருக்கும். நமக்குள்ள என்ன உன்னுது என்னுது?”

“அப்ப எல்லாத்தையும் என் பேர்ல போட்டிருக்கலாமே?”

“கிளாஸுக்கு நேரமாச்சு” என்று போய்விட்டார்.

பொறுப்பு அவருக்குப் போனது. அதைக்கூட என்னால் ஜீரணிக்க முடிந்தது. என் பிள்ளையின் அம்மையை விசாரித்த அதே மாலைகளில்தான் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து என் பெயரை அழித்திருக்கிறார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. மறுநாள் முதல் அவர் ஏறும் டெம்போவுக்கு முந்தைய டெம்போவில் போனேன்.

சில வாரம் கழித்து, ஒரு கணக்கில் சரியான விடையையும் தவறு என்று காட்டுவதாக மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். எங்கே பிசகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கழித்தல் குறி. ஆனால் அந்த ஃபைலைத் திருத்த இப்போது எனக்கு அனுமதி இல்லை. அவர் அறைக்குப் போனேன்.

“நானும் ரெண்டு நாளா பாக்கறேன், புரியல. நீயே பாத்துடேன்” என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்து குறியை மாற்றினேன். மாணவர்களின் மதிப்பெண் போய்க்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வது? எழுந்தபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

அடுத்த பருவத்தில் வேறு பாடம் கேட்டு வாங்கி, முதல் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினேன். அவர் ஒரு வருடத்தில் சென்னையில் பெரிய கல்லூரிக்குப் போனார். அந்தக் கணக்குகளைக் காட்டித்தான் வேலை வாங்கினார் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். வழியனுப்பு விழாவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்களாம். நான் லேபில் மாணவர்களோடு இருந்தேன்.