எங்கள் பள்ளிக்கூடத்து ஜப்பான் அறை

ஜப்பான் ருசியாவைத் தோற்கடித்த பிறகு சில வருஷங்கள் எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் ஜப்பான் பேச்சுத்தான். நான் அப்போது வண்ணார்பேட்டையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. இளவயதில் தாலியறுத்து, பிறகு படித்து வேலைக்கு வந்தவள். வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை. கொழும்பு வழியாக ஜப்பானுக்குப் போய் ஜவுளி வியாபாரம் செய்த எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர், பள்ளிக்கூடத்துக்கென்று இரண்டு பெட்டி நிறையச் சாமான் அனுப்பினார். அரக்கு மெருகிட்ட கிண்ணங்கள், காகிதக் குடை, விசிறிகள், பூ வரைந்த பட்டு, கூடவே ராஜா ராணி பரிவாரத்தோடு பதினைந்து பொம்மைகள்.

பின்கட்டு அறையை வெள்ளையடித்து, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் காட்சி அறையாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விவரம் எழுதிச் சீட்டு வைத்தேன். பொம்மைகளுக்குப் படி கட்டினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

நவராத்திரி வந்ததும் தெருப் பெண்கள் அதைக் கொலு என்றே எடுத்துக்கொண்டு குங்குமமும் பாட்டுமாக வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விஜயதசமி முடிந்து எல்லா வீட்டிலும் பொம்மையைப் படுக்க வைத்துக் கட்டி வைத்தாயிற்று. என் அறையில் மட்டும் நின்றுகொண்டே இருந்தன. ஒரு வாரத்தில் நாலு பிள்ளைகள் நின்றுபோனார்கள். அதில் ஒருத்தி கணக்கில் புலி, கோர்ட்டு குமாஸ்தாவின் மகள். பன்னிரண்டு வயது. இப்போது நின்றால் அடுத்தது கல்யாணம்தான், மறுபடி புத்தகம் தொடமாட்டாள்.

அவள் தாயாரிடம் போனேன். “பொம்மை இங்கன நின்னுக்கிட்டே இருந்தா பிள்ளையளுக்கு ஆவுமா? நீங்களே சொல்லுங்க” என்றாள். இது கொலு இல்லை, காட்சி அறை என்று கத்திவிட்டு வந்தேன். கத்தினால் யார் கேட்பார்கள்?

ஜப்பானில் பொம்மைகள் வருஷம் பூராவும் நிற்கும் என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படி அண்ணாச்சிக்குக் கடிதம் போட்டேன். தை பிறந்த பிறகுதான் பதில் வந்தது. பெண்குழந்தைகளுக்காக வசந்தத்தில் சிவப்புத் துணி விரித்த படியில் வைப்பார்களாம். பண்டிகை முடிந்ததும் ஒருநாள்கூட விடாமல் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம். அடக் கஷ்டமே! கிழித்து அடுப்பில் போடத்தான் முதலில் தோன்றியது. மானம் போகிறதே என்று ஒரு நாள் முழுக்கப் புழுங்கினேன். கடைசியில், அந்தப் பிள்ளையின் படிப்பை விடவா என் மானம் என்று அவள் வீட்டுக்கே போய், ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

தாயார் வாயில் கைவைத்துக்கொண்டாள். “அந்த ஊர்ப் பொம்பளையளும் நம்மள மாதிரித்தானா!”

அன்று சாயங்காலமே பழைய வேட்டித் துணியோடு வந்தாள். ராஜா ராணியைப் பைய எடுத்து, துணி சுற்றி, ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தாள். பெட்டியை மூடியதும் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ குடையைப் பார்த்தாள், கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள், சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

“இதெல்லாம் என்னைக்கும் இருக்கட்டும், வாத்தியாரம்மா. பொம்மைய அடுத்த நவராத்திரிக்கு எடுப்போம். நாளைக்குப் பிள்ளைய அனுப்புதேன்” என்றாள்.

வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயரை நான் அடிக்காமலே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் வந்ததும் கூப்பிட்டேன். “இருக்கேன், வாத்தியாரம்மா” என்று குரல் வந்தது. பெயருக்கு நேரே குறி போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.