ஓர் இழைகூட இழுபடவில்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதம், லடாக்கில் ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு பனிச் சிகரத்தின் உச்சியில், காலை எட்டு மணி பதினான்கு நிமிடத்துக்கும் எட்டு மணி இருபத்தொரு நிமிடத்துக்கும் இடையே நடந்தது இது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். ஒரு நாளிதழில் பதினாறு ஆண்டுகளாக நிருபர். நகராட்சிக் கூட்டம், கோயில் உற்சவம், பாலாற்று மணல் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு முப்பத்தெட்டு வயதில் மலை ஆசை பிடித்தது. இமாச்சலில் இரண்டு நடைப்பயணம் போய் வந்தேன். அதற்குப் பிறகு கயிறு கட்டி ஏறும் பனிச் சிகரம் ஒன்றாவது ஏறிவிட வேண்டும் என்று தோன்றியது. தனியாகப் போக முடியாது. வழிகாட்டி, கயிறு, கூடாரம், சமையல் எல்லாம் ஏற்பாடு செய்து அழைத்துப் போகும் ஒரு குழுவில் பெயர் கொடுத்தேன்.

பயிற்சிதான் பெரும்பாடு. காஞ்சிபுரம் உள்ளங்கை போல் தட்டையான ஊர். ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய், முதுகுப் பையில் பத்து கிலோ அரிசியைச் சுமந்தபடி மலைப்படிகளில் ஏறி இறங்குவேன். திரும்பி வரும்போது எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் கேட்பார்: "இன்னாம்மா, ரேஷன் கடைய மலை மேல மாத்திட்டானுங்களா?"

என் அண்ணன் ஐயம்பேட்டையில் தறி வைத்திருக்கிறான். நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கூப்பிட்டு ஒரு துணியைக் கொடுத்தான். இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பட்டுத் துணி. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, தலைப்பில் ஜரிகையில் ஒரே ஒரு கோபுரம். விற்பதற்காக நெய்ததல்ல.

"ஈஸ்வரன் இருக்கற மலைக்குப் போற. வெறுங்கையோட போவாத. உச்சியில இத்த ஒரு தபா பிரிச்சுக் காட்டு. ஒரு போட்டோ எடு. கீழ வந்ததும் நம்ம மாகறல் ஈஸ்வரன் கோயில் சாமிக்குச் சாத்திடலாம்" என்றான்.

"கயிலாயம் வேற மலைண்ணா. நான் போறது வேற" என்றேன்.

"எல்லாம் பக்கத்துப் பக்கத்து மலதான, விடு. சாமிக்குப் போற துணி. இழை கிழை இழுத்துக்கினு வந்துடாத."

எங்கள் வீட்டில் பட்டைத் தொடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தறியிலிருந்து அறுத்த புடவையை மடிக்க உட்கார்ந்தால் அம்மா வளையலைக் கழற்றி வைப்பாள். அண்ணி மோதிரத்தைக் கழற்றுவாள். நகம் உடைந்திருப்பவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது. கடைக்குப் போன புடவை ஓர் இழை இழுபட்டதற்காகத் திரும்பி வந்த நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்திருக்கிறேன். நினைவு தெரிந்த நாளாக நான் கேட்ட அதட்டல், "கையப் பாரு, கையப் பாரு" என்பதுதான்.

எங்கள் வழிகாட்டிக்கு ஏறக்குறைய என் வயதிருக்கும். லடாக்கில் ஏதோ ஒரு கிராமம். இளம் வயதில் எல்லையில் ராணுவ முகாம்களுக்குச் சுமை தூக்கியவர். அங்கிருந்த தமிழ்ச் சிப்பாய்களிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிய தமிழ் என்பதால் மரியாதை விகுதி எதுவும் அதில் இல்லை. முதல் நாளே என்னிடம் வந்து, "நல்லா சாப்டுடா அக்கா. மேல பசிக்காது" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் 'டா அக்கா'தான்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். அவருக்கு எங்கள் மேல் ஒரே ஒரு கண்டிப்பு: கையுறை. மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று, அதன் மேல் தடித்த கையுறை ஒன்று. பனி தொடங்கிய பிறகு இரண்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழலக்கூடாது. நின்ற இடத்திலெல்லாம் ஒவ்வொருவரிடமும் வருவார். "கை காட்டு. விரல் ஆட்டு." ஆட்டிக் காட்டிய பிறகுதான் அடுத்தவரிடம் போவார். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டதற்குத் தன் வலது கையைக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் கொஞ்சம் கறுத்து, தோல் மினுமினுவென்று இருந்தன. முகாமுக்குச் சுமை தூக்கிய காலத்தில் ஒருமுறை குளிர் தாக்கிய விரல்களாம். "ஒரு தடவை குளிர் புடிச்ச விரல் மறக்காதுடா அக்கா. அடுத்த தடவை சீக்கிரம் புடிக்கும்" என்றார். அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல வாக்கியம், கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன்.

சிகரம் ஏறிய அன்று வானம் சுத்தமாக இருந்தது; காற்றுதான் விடவில்லை. கடைசிச் சரிவில் பத்தடி ஏறுவதும், ஊன்றுகோலைப் பிடித்து மூச்சு வாங்குவதுமாக ஏறினோம். உச்சி என்பது எங்கள் வீட்டுக் கூடம் அளவுள்ள பனி மேடு. மற்ற மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அழுதார். நான் பையிலிருந்து துணியை எடுத்தேன்.

விரித்தால் காற்று கொண்டுபோய்விடும். ஒரு முனையை அதன் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே விட்டு, என் கையுறை படாமல் உறையோடு நான் பிடித்து, மறுமுனையைப் பிடிக்க வழிகாட்டியைக் கூப்பிட்டேன். சாமிக்குப் போகும் துணி என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தார். அவர் கை நீண்டபோது, அந்தத் தடித்த கையுறையின் மணிக்கட்டுப் பட்டை அவிழ்ந்து தொங்கியது. குழந்தைகளின் ஷூவில் சரசரவென்று பிரிக்கிறோமே, அந்த ஒட்டுப் பட்டை. பட்டின் மேல் அது ஒருமுறை உரசினால் போதும், பத்து இழையைப் பிடுங்கிக்கொண்டுதான் விடும்.

நான் கத்தினேன். "ஐயோ, அதோட தொடாதீங்க! இழுத்துடும்!"

அவருக்குப் புரிந்தது. வெளிக் கையுறையைக் கழற்றினார். அது மணிக்கட்டில் கயிற்றில் தொங்கியது. உள்ளே கம்பளிக் கையுறை, சொரசொரவென்று இருந்தது. நான் அதையும் பார்த்துத் தலையசைத்தேன். முதலில் கத்தியது பழக்கத்தில் வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறை தலையசைத்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்தேன்.

அவர் அந்தக் கையுறையையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெறும் வலது கையால் துணியின் முனையைப் பிடித்து, ஒரு நொடி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

படம் எடுத்தவர் குழுவில் இருந்த பெங்களூருக்காரர். இரண்டு படம் எடுத்ததும் அவர் போன் குளிரில் அணைந்துவிட்டது. என் போனைக் கொடுத்தேன். எடுத்ததை வாங்கிப் பார்த்தேன். கோபுரம் மடிந்து கிடந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதில் என் முகத்தில் நிழல். திரும்பி நின்றோம். அடுத்ததில் ஜரிகை தெரியவில்லை. பத்திரிகையில் அச்சாகும் தரத்தில் ஒரு படம் வேண்டும் என்பது மட்டுமே என் மூளையில் இருந்தது. வழிகாட்டி துணியைப் பிடித்தபடியே நின்றார். நடுவில் ஒருமுறை, "ஆச்சாடா அக்கா?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

துணியை மடித்து உறையில் போட்டு நான் நிமிர்ந்தபோது, இடுக்கியிருந்த கம்பளிக் கையுறை காற்றில் போயிருந்தது. தொங்கிய கையுறைக்குள் பொடிப்பனி நிறைந்திருந்தது. அதைத் தட்டிக் கொட்டிவிட்டு வெறுங்கையை அதில் நுழைத்துக்கொண்டார். இறங்கத் தொடங்கினோம். வழியில் எங்கள் நால்வரின் கயிறுகளையும் கட்டி அவிழ்த்தது அந்தக் கைதான். நின்ற இடத்திலெல்லாம் எப்போதும் போல வந்து கேட்டார். "கை காட்டு. விரல் ஆட்டு." நான் ஆட்டிக் காட்டினேன். எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கையைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை.

முகாமில் சமையற்காரர் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தபோதுதான் பார்த்தேன். அதே இரண்டு விரல்கள், முதல் கணுவரை மெழுகு போல வெளுத்திருந்தன. தண்ணீருக்குள் விட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சமையற்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் இல்லடா அக்கா, போய்த் தூங்கு" என்றார் வழிகாட்டி.

நான் போய்த் தூங்கினேன்.

ஊருக்கு வந்ததும் அண்ணன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கடைக்காரர் சோதிப்பது போல மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினான். "ஒரு இழைகூட இழுக்கலமா! சூப்பரா கொண்டாந்துட்ட!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். அண்ணி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். நான் விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.

கட்டுரை ஞாயிறு இதழில் வந்தது. 'ஒரு தடவை குளிர் பிடித்த விரல் மறக்காது' என்ற வாக்கியமும் அதில் இருந்தது. இடம் போதாமல் படத்தின் ஓரத்தை அலுவலகத்தில் வெட்டியிருந்தார்கள். நான், துணி, கோபுரம், பின்னால் மலைகள். வழிகாட்டி படத்தில் இல்லை. வலது ஓரத்தில் துணியைப் பிடித்த ஒரு வெறுங்கை மட்டும் இருந்தது. படக்குறிப்பை மூன்று முறை சரிபார்த்தது நான்தான். அண்ணனின் தறியைப் பற்றிக்கூட அதில் இருந்தது. அந்தக் கை யாருடையது என்று இல்லை.

அச்சான படத்தைப் பார்த்த பிறகுதான் என் போனில் மற்ற படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருந்தது. என் போனில் எடுத்த முதல் படம் எட்டு பதினான்கு. கடைசிப் படம் எட்டு இருபத்தொன்று. முதல் படத்தில் அந்த விரல்கள் சிவந்திருக்கின்றன. கடைசிப் படத்தில் வெளுத்திருக்கின்றன. நடுவில் பதினொரு படங்கள். எல்லாவற்றிலும் துணி தெளிவாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்குப் போன் செய்தேன். விரல் நுனிகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள் என்று, ஆஸ்பத்திரிக் கதையை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். முடிச்சுப் போட அந்த இரண்டு விரலும்தான் வேண்டுமாம். இனி கயிற்று வேலை கிடையாது, அடிவார முகாமில் சமையல் கூடாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என்னால்தான் என்று நான் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"துணி நல்லா இருக்குதாடா அக்கா? சாமிக்குக் கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு" என்றேன். கொடுக்கவில்லை. நல்ல நாள் பார்த்துச் சாத்தலாம் என்று வாங்கி வைத்தது, அப்போதும் என் பீரோவில்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே துணியை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டான். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த துணியை வாங்கி விரித்தான்.

"இங்க தொடு" என்றான். கோபுரத்துக்குக் கீழே மிகச் சின்னதாக ஏதோ நெருடியது. "நெய்யறப்பவே அறுந்த இழை. முடிச்சுப் போட்டேன். இங்க ஒண்ணு. இதோ, இங்க ஒண்ணு. அறுவாம யாராவது பட்டு நெய்வாங்களா? இழுத்த இழைய ஊசியால நீவி உள்ள தள்ளிட மாட்டேன்? ரெண்டு நிமிஷ வேலமா அது." துணியை மடித்தபடியே, "நெசவுக்காரன் வூட்ல பொறந்துட்டு உனக்கு இது கூடவா தெரியல?" என்றான். திட்டியிருந்தால் தேவலை. அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

எனக்குத் தெரியாது. இழுபட்ட புடவை வீட்டுக்குத் திரும்பி வந்ததைத்தான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அவன் அதை எப்படிச் சரிசெய்வான் என்று ஒருநாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அலுவலகத்தில், அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் கட்டுரையை மீண்டும் படித்துவிட்டு, "இதுல என்ன தப்பு இருக்குது? ஊரு, உயரம், தேதி எல்லாம் சரியாத்தானே இருக்குது?" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கட்டுரையில் ஒரு பிழையும் கிடையாது.

துணி இன்னும் என்னிடமே இருக்கிறது. மாகறல் சாமிக்குச் சாத்துவோமா என்று அம்மா வருஷத்துக்கு இருமுறை கேட்கிறாள். அதை எடுத்துப் போக எனக்குக் கை வரவில்லை. வழிகாட்டி தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார். கொடுத்தாச்சு என்று சொன்ன பொய்யை நான் இன்னும் திருத்தவில்லை. பட்டைத் தொடும் முன் கையைப் பார்க்கச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். அந்த ஏழு நிமிடத்தில் துணியைப் பிடித்திருந்த கையை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும் என்ற நினைப்பு, யார் கையுறையைக் கழற்றினாலும் இப்போதும் எனக்கு வந்துவிடுகிறது.